எல்ஜின் பாலத்தடியில் தலையாட்டியது

மூத்தோர் சீட்டு ஒன்று, சாதாரணச் சீட்டு ஒன்று.
"இவளுக்கு அறுபதாக இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு" என்று
கண்ணாடிக்குப் பின்னிருக்கும் பெண்ணிடம்
கத்திச் சொல்கிறார் பக்கிரிசாமி.
கிளார்க் கீ வரிசையில் எட்டுப் பேர்.
தமிழ் தெரிந்த மூவருக்கு என் வயது தெரிந்துவிட்டது.

காதுக்கருவி சட்டைப்பையில்,
டிஷ்யூ தாளில் சுற்றியபடி.
போட்டால் தலைக்குள் தகரம் உருள்கிறதாம்.
முப்பத்தோரு வருடம் கப்பல்பட்டறையில்
துருவைத் தட்டித் தட்டிப் பெயர்த்தவருக்குத்
தகரம் புதிதா என்றேன் ஒருநாள்.
கேட்கவில்லை. அல்லது கேட்டது.
இப்போதெல்லாம் இரண்டுக்கும் ஒரே முகம்.

படகு கிளம்பியதே தெரியவில்லை,
கரைதான் முதலில் நகர்ந்தது.
மின்கலத்தில் ஓடுகிறதாம்.
புகையில்லை, நடுக்கமில்லை,
முன்வரிசைக் குழந்தை பிஸ்கட் கடிப்பது கேட்கிறது.
பக்கிரிசாமி மட்டும்
பழைய டீசல் மோட்டாருக்கு மேலே எழுப்பிய அதே குரலில்
"நல்லாத்தான் ஓட்டுறான்" என்கிறார்.
எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்,
ஓட்டுகிறவரும்.

தொண்ணூற்று நான்கு,
சீனப் புத்தாண்டு விடுமுறையின் இரண்டாம் நாள்.
ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் நான்
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில் நின்ற காலம்.
ஈசூனிலிருந்து ரயிலேறி
அண்ணனிடம் தோழி வீடென்று பொய் சொல்லி
இதே ஆற்றில், இவர் பக்கத்தில்.
மோட்டார் போட்ட சத்தத்தில் பலகை அதிர்ந்தது,
பல் அதிர்ந்தது.
எல்ஜின் பாலத்தடியில் நுழைந்ததும்
சத்தம் கல்லில் மோதி இரண்டானது.
அப்போதுதான் இவர் குனிந்து
என் காதருகே ஏதோ சொன்னார்.
ஒரு சொல்லும் விழவில்லை.
தலையாட்டினேன்.
சட்டென்று எழுந்து நின்றார், சிரித்தார்.
ஏப்ரலில் பதிவுத் திருமணம்.

அந்த இரைச்சலுக்குள் என்ன இருந்ததென்று
நானே எழுதிக்கொண்டேன் இத்தனை வருடமும்.
சண்டை போட்ட நாட்களில் ஒன்று,
இரண்டாவது தங்காமல் போன வாரத்தில்
வேறொன்று, கொஞ்சம் நீளமாக.
கேட்டதேயில்லை.
கேட்டால் தீர்ந்துவிடும் என்றிருந்தது.

இதோ எல்ஜின் பாலம்.
நிழல் முதலில் அவர் முழங்காலில் ஏறுகிறது, பிறகு என் மடியில்.
வாயை அகலத் திறந்து, உதடு தெரிய:
"அன்னிக்கு இங்க என்ன சொன்னீங்க?"
புருவம் சுருங்குகிறது.
சட்டைப்பையில் கைவிட்டு
டிஷ்யூவைப் பிரித்து
மெதுவாக, சாவி திருகுவதைப்போல்
காதில் பொருத்திக்கொள்கிறார்.
"இப்ப சொல்லு."
சொல்கிறேன்.

"அதுவா. கால் மரத்துப்போச்சு,
அந்தப் பக்கம் மாறி உக்காரலாமான்னு கேட்டேன்.
தலைய ஆட்டின.
நான் எந்திரிச்சேன். நீ எந்திரிக்கவே இல்ல."

பாலம் முடிந்து வெயில் வந்துவிட்டது.
போட் கீ கடைகளில் நாற்காலிகளை இறக்கிப் போடுகிறார்கள்.
கேவனா பாலத்துக்கு அப்பால்
இன்னும் குதித்து முடிக்காத வெண்கலப் பையன்கள்.
எனக்குச் சிரிப்பு வருகிறது,
மூக்கில் ஏறுகிறது,
கண்ணைத் துடைக்க அந்த டிஷ்யூவையே பிடுங்கிக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் உதட்டில் உப்புப் படியும்.
இப்போது அணைகட்டிக் கடலை வெளியே நிறுத்தியாயிற்று;
குழாயில் வருகிற தண்ணீரில் கொஞ்சம் இதுதான்.
படகு வளைகுடாவில் திரும்புகிறது.
கருவியைக் கழற்றவில்லை அவர்.
"இது என்ன சத்தம்?"
படகின் விலாவைக் காட்டுகிறேன்: "தண்ணி."
"இவ்வளவு சத்தமாவா?"
நம்பாமல் எட்டிப் பார்க்கிறார்.
பிறகு இடது தொடையைத் தட்டிக்கொள்கிறார்,
வலிக்கிறதுபோல.

எதிர்ப்பலகை காலியாக இருக்கிறது.
எழுந்து நின்றேன்.

"ஆன்ட்டி, சிட் டவுன்!"