மழையில் மட்டும்

குறைப்பதிவேட்டில் கேப்டன் ரூடி எழுதியது ஒரே வரி:
மழைக்குள் போனால் மட்டும் சத்தம். இடப்பக்கம், தரைக்குக் கீழே.
எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கி, உதட்டைக் குவித்து,
பாதி ஊதி நிறுத்திக்கொண்டார்.

அல் அய்ன் ஹேங்கரில் ஆகஸ்ட் இரவு.
வெளியே நாற்பத்தோரு டிகிரி.
நானும் ரோமெலும் சஜீவனும் மல்லாந்து கிடந்து
வயிற்றுத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டோம்,
தர்பூசணி வாங்குகிறவர்களைப் போல.

தீயணைப்பு வண்டியைக் கெஞ்சி வரவழைத்துக்
குழாய் பிடித்தோம்.
நனைந்தது. அவ்வளவுதான்.
இது நின்ற இடத்துக் குளியல், என்றான் சஜீவன்,
மழை முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும்.
அதற்குக் குழாய் இல்லை எங்களிடம்.

ஆகவே என்னை ஏற்றினார்கள்.
மேகத்துக்கு உப்பு ஊட்டுகிற விமானம் இது.
இறக்கை ஓரத்தில் வரிசையாக உப்புக் குழல்கள்.
வேதாரண்யத்தில் எங்கள் பாத்தியில்
ஒரு தூறல் விழுந்தால் ஒரு வாரத்து உப்பு போச்சு.
இங்கே உப்பைக் கொடுத்து மழையைக் கேட்கிறோம்.
இதை ரூடியிடம் சொல்ல ஆங்கிலம் தேடுவதற்குள்
ஜெபல் ஹஃபீத் கீழே சுருங்கிவிட்டது.

ஹஜர் மலைமேல் பிற்பகலின் ஒற்றை மேகம்,
அடிவயிறு கறுத்து.
நுழைந்தோம்.

முதலில் கோடி வேட்டியைக் கிழிக்கிற சத்தம்,
நீளமாக, முடியாமல், நூறு முழம்.
பிறகு கண்ணாடியில் சரளை.
புரொப்பெல்லரின் குரல் கனத்து
சளி பிடித்தவன் பேச்சானது.
ஹெட்போனில் ஓர் இரைச்சல் எழுந்து, கூர்ந்து,
கோபுரத்தின் வார்த்தைகளைத் தின்றது.
அது மின்னேற்றம். இறக்கை நுனித் திரிகள் தேய்ந்திருக்கும்.
அதைத் தெரியும். அது வேறு பக்கம், வேறு வரி.
ஹெட்போனைக் கழற்றினேன்.

அப்போது கேட்டது.
காலி மருந்துப் புட்டியின் வாயில்
ஒரு குழந்தை ஊதிப் பார்ப்பது போல,
விட்டு விட்டு,
மேகம் அடர்ந்தால் தாழ்ந்தும், மெலிந்தால் ஏறியும்.
ரூடி திரும்பி உதட்டைக் குவித்தார்.
தலையாட்டினேன்.
வளர்ந்த ஆண்கள் இருவர்
ஒரு சீட்டிக்காகப் பதினாறாயிரம் அடியில்
சிரித்துக்கொண்டிருந்தோம்.

இறங்கியதும் டார்ச் எடுத்துப் போனேன்.
சக்கர அறைக்குப் பின்னால், கை நுழையாத மடிப்பில்,
சின்னத் தகடு. இருபத்திரண்டு திருகாணிகள்.
எண்ணினேன். இருபத்தொன்று.
மறுபடி எண்ணினேன்.
பதினேழாவது இடத்தில் வட்டமாக இருட்டு.
காய்ந்த காற்றில் ஊமை அது,
விளிம்பில் ஈரம் ஏறினால்தான் வாய் திறக்கும்.

அந்தத் தகட்டைக் கடைசியாக மூடியது யார் என்று
புரட்டிப் பார்க்கத் தேவையில்லை.
புரட்டினேன்.
ஜூன் பதினொன்று. இருபத்திரண்டும் முறுக்கப்பட்டன.
கீழே என் கையெழுத்து.
அன்றைக்கு என்ன அவசரம் என்று யோசித்துப் பார்க்கிறேன்.
ஊரில் யாரும் சாகவில்லை.
போன் எதுவும் வரவில்லை.
சாதாரண வியாழன்.
சாப்பாட்டுக்குப் போயிருப்பேன்.

ரோமெல் ஒன்றும் பேசாமல்
புதுத் திருகாணியை என் உள்ளங்கையில் வைத்தான்.
முறுக்கினேன். எழுதினேன்:
திருகாணி ஒன்று இல்லை. பொருத்தப்பட்டது.
என் தவறு என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது,
ஓரத்தில் எழுதினேன்.
பழையது எந்த மணலில் கிடக்கிறதோ.

ஆனால் இந்தக் குறையை மூட வேண்டுமானால்
மழைக்குள் பறந்து சரிபார்க்க வேண்டும்.
மறுநாள் ரூடி எழுதினார்: மழை இல்லை.
அதற்கு மறுநாளும்.
செப்டம்பர் போயிற்று.
அக்டோபரில் ஒரு மேகம் வந்து, மனசு மாறி,
ஓமான் பக்கம் திரும்பிவிட்டது.
பக்கத்துக்குப் பக்கம் அதே வரி நகர்ந்துகொண்டிருக்கிறது,
மூடப்படாமல்.

கேம்ப் மாடியில் துணி காயப்போடுகிறவர்கள்
வானம் கொஞ்சம் கறுத்தாலே திட்டுகிறார்கள்.
நான் அவர்கள் நடுவே அண்ணாந்து நிற்கிறேன்,
ஒரு சத்தம் வராமல் இருப்பதைக் கேட்க.