பதினோராம் இரவு

கைசர்ஸ்லவுட்டர்ன். காசு போட்டால் சுழலும் சலவைக் கடை.
ஞாயிறு. நானும் லெமுவேலும்தான்.
அவருடைய உள்சட்டைகள்,
என் படுக்கை விரிப்புகள்.

அறுபத்திரண்டில் பட்டாளத்தோடு வந்தவர்.
ஜோர்ஜியாவோடு முடிந்ததென்று நினைத்த கோடு
இங்கேயும் நீண்டிருந்ததாம்;
கீறியது சொந்தப் பட்டாளத்துக்காரரே:
இந்தத் தெரு உனக்கு, அந்தத் தெரு எனக்கு.

அந்தத் தெரு மதுக்கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார்.
பியர் வந்தது. குடித்தார்.
கடைக்காரி அந்தக் கண்ணாடிக் குவளையை
அவர் பார்க்கவே தொட்டியில் போட்டு உடைத்தாள்.

மறுநாள் எட்டுப் பேராகப் போனார்கள்.
எட்டு உடைந்தது.
அதற்கு மறுநாளும் எட்டு.
ராணுவப் போலீஸ் வந்தது,
சட்டைக் கையின் பட்டி ஒன்று பறிபோனது,
போனார்கள்.
பதினோராம் இரவு அலமாரி காலி.

“அப்புறம்?”
“கழுவினாள்” என்றார்.
“மனம் மாறி இல்லை. வேறு குவளை இல்லை.”
சிரித்ததில் பல்செட் ஆடியது.

“உங்கள் ஊரில் எப்படி?”

“நல்ல வெயில்” என்றேன்.

வேலியில் செருகியிருந்த சிரட்டையைச் சொல்லவில்லை.
என் அப்பா வயது வைரவன்
கிணற்றடியில் குந்தியிருக்க,
வாளியை உயர்த்தி, கை படாமல்,
ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவேன்.
பத்து வயது.
கெட்டிக்காரி என்றார்கள்.

கண்ணாடி என்றால், உடைக்கும்போது
நாலு பேருக்காவது கேட்டிருக்கும்.

உலர்த்தும் இயந்திரம் நின்றது.
கதவைத் திறந்தேன். முகத்தில் சூடு.
லெமுவேல் மெல்ல எழுந்து வந்து
விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார்,
மடிக்க.