கிட்டங்கியில் பதினைந்து முழம்

டிசம்பர் பத்து, காலை ஆறு மணி:
இரண்டு அடி பத்து அங்குலம்.
தாம்போதியின் விளிம்புக் கல் தெரியவில்லை.
குறிப்பேட்டில் எழுதிவிட்டு
மிசின் பெட்டியில் நானும் ஏறிக்கொண்டேன்.
நீர்ப்பாசனத் திணைக்களம் எனக்குத் தந்தவை
ஒரு குடை, ஒரு நீலப் பேனை,
வெள்ளை உரிந்த ஓர் அளவுகோல்.

பெட்டிக்குள்
கல்முனைச் சந்தைக்கு மரவள்ளி மூடைகள்,
செருப்பைக் கையில் பிடித்த பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேர்,
நாவிதன்வெளிச் சபையின் மிசாக்,
கூரைத்தகடு வாங்கப் போகும் பூபாலப்பிள்ளை.
ஓரத்தில், சாரனை முழங்காலுக்கு மேல் மடித்து,
வட்டைக் காவல் முடிந்து வீடு திரும்பும்
மருதமுனை உதுமாலெவ்வை.

நடு ஆற்றில்
ஆற்றுவாழை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டது.
மிசின் நின்றது.
சாரதி குகனேசன் கத்தியோடு இறங்கினான்.

"நோவா காலத்துத் தண்ணிக்கு முன்னால இது என்ன" என்றார் மிசாக்.
"மலைக்கு மேல பதினைஞ்சு முழம்.
எழுதியிருக்கு."
என் தொழில் என் வாயைச் சும்மா விடவில்லை.
"கோலை ஆர் நட்டது, ஐயா?
எந்த மலையில?
காலையிலயா பின்னேரமா வாசிச்சது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். மிசாக்கும் சிரித்தார்.
பிறகு,
"நீ எழுதுற ரெண்டடி பத்தங்குலத்த
கொழும்பில இருக்கிறவன்
வந்து பாத்தா நம்புறான்?"

பூபாலப்பிள்ளைக்கு
முழு உலகமும் மூழ்கத் தேவையில்லை.
மீன் தோணியை இழுத்த கதையும் தெரியும் அவருக்கு,
கடல் கொண்ட ஊர்களின் கதையும்.
"எல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதுகா" என்றார்.
அம்மனின் வெப்பம் தணியாவிட்டால் மழை பொய்க்கும் என்று
வைகாசிக் குளிர்த்திக்கு
முதல் ஆளாய்ப் பந்தல் காசு கொடுக்கிற மனிதர்.
அதைப் பேச்சுக்கு என்று
அவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

சின்னவள் ஒருத்தி கேட்டாள்:
"கப்பலுக்குள்ள யானை போட்டத ஆர் அள்ளினது?"
முந்தாநாள் அவள் வீட்டு வெள்ளாமைக்குள்
மூன்று யானை வந்து போயிருந்தன.
அள்ளியவள் அவள்.
மிசாக் தொண்டையைச் செருமினார்.
அது எழுதியிருக்கவில்லை.

உதுமாலெவ்வை தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்.
நான்தான் கிளறினேன்.
"காக்கா, உங்கட கணக்கு என்ன?
முழு உலகமா, ஒரு நாடு மட்டுமா?"

"மலை மூடினதா இல்லையா எண்டு
நான் ஒருநாளும் யோசிச்சதில்ல மனே.
அந்த நபிக்கு ஒரு மகன் இருந்தான், தெரியுமா?
ஏறு மகனே எண்டு கூப்பிட்டாரு.
நான் மலையில ஏறித் தப்புவன் எண்டான்.
பேசிட்டிருக்கக்குள்ள
ரெண்டு பேருக்கும் நடுவுல அலை வந்திச்சு."

கத்தி தண்டில் விழும் சத்தம்.

"நான் பள்ளிவாசல் மாடிப்படியில.
வாடா மனே எண்டன்.
அஸ்மீர் எங்கட மதில்ல நிண்டான்.
ஆறடி மதில்.
ஒண்ணும் ஆகா வாப்பா எண்டான்."

மறுகா அவர் சொல்லவில்லை.
அந்த ஞாயிற்றுக்கிழமையை
இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து,
கேட்காமலே,
"தொழுகையில அந்த இடத்த ஓதக்குள்ள
மத்ததெல்லாம் எனக்கு அரபு.
அது மட்டும் தமிழ்."

மிசாக் ஏதோ சொல்ல வந்து
பையிலிருந்து ஒரு பணிசை எடுத்துப்
பாதியாய்ப் பிய்த்து அவரிடம் நீட்டினார்.
மிசின் இருமியது, கிளம்பியது.
பிள்ளைகளுக்கு முதல் பாடம் போய்விட்டது.

பின்னேரம் ஆறு மணி:
மூன்று அடி ஓரங்குலம்.
மண்டியிட்டு டோர்ச் அடித்து வாசித்தேன்.
பதினைந்து முழம் என்றால் இருபத்திரண்டரை அடி.
என் கோலில் பன்னிரண்டுக்கு மேல் எண்கள் இல்லை.

குறிப்பேட்டின் கடைசி நிரலில்
ஏதாவது எழுத வேண்டும்,
மழை, தூறல், தெளிவு, அப்படி.
பேனையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.
இருட்டிவிட்டது.
'ஆற்றுவாழை அதிகம்' என்று எழுதினேன்.