ஐஸ்பெட்டிக்கு அடியில்

பகலெல்லாம் எனக்குப் பழம்தான் வேலை.
பீடோர் ஆலை முற்றத்தில்
லோரி கொட்டும் செம்பனைக் குலைகளைக்
கொக்கியால் புரட்டிப் பார்த்து
காய், பழம், அழுகல் என்று
நோட்டில் கோடு போடுபவள்.
நூறு குலைக்குள் ஒரு காய் ஒளிந்தாலும்
இவள் கண்ணுக்குத் தப்பாது என்று
டிரைவர்கள் திட்டுவார்கள்.
எனக்கு அது சம்பள உயர்வு மாதிரி.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான்
போன தை வெள்ளியன்று
கோயில் சர்க்கரைப் பொங்கலோடு வந்து உட்கார்ந்தாள்
பக்கத்து வீட்டு துர்காஷினி.
அவளுக்குக் கிஸ்மிஸ் பிடிக்காது.
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
மேசைக்கு அடியில் போட்டாள்.
மேசைக்கு அடியில் இருந்தவனுக்குப் பிடிக்கும்.

அவன் பெயர் லோரி.
லோரிக்கு அடியில்தான் கிடைத்தான்.

இரவு எட்டு மணிக்கு வாந்தி.
வாந்தியில் கறுப்பாய், உப்பி, நாலைந்து.
தாப்பா டாக்டர் ஹஸ்லினா போனில் கேட்டது
ஒரே கேள்வி: எத்தனை தின்றான்?

குலை எண்ணிச் சோறு தின்பவள்
வாயடைத்து நின்றேன்.
துர்காஷினி பத்து விரலையும் விரித்தாள்,
பிறகு மடக்கினாள், பிறகு அழுதாள்.

ஒரு பிடி தின்று ஓடித் திரியும் நாயும் உண்டு,
சில பழத்திலேயே சிறுநீரகம் போன நாயும் உண்டு,
உன் நாய் எது என்று எனக்குத் தெரியாது,
காத்திருக்காதே, கொண்டு வா
என்றார் டாக்டர்.

முனிரத்தினம் அண்ணன் லோரிதான் வந்தது.
அன்று காலை அவர் பாரத்தில்
பதினொரு குலையைக் காய் என்று தள்ளியிருந்தேன்.
ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைத் திறந்தார்.
தாப்பா வரைக்கும்
என் மடியில் லோரி, லோரியில் நான்.
சிரிக்க வேண்டிய இடம். சிரிக்கவில்லை.

மூன்று நாள் டிரிப்ஸ்.
அறுநூற்று நாற்பது வெள்ளி.
பிழைத்தான்.

இப்போது வீட்டிலும் ஒரு நோட்டு.
வியாழன் பாசார் மாலாமில், கடை கட்டும் நேரம்,
ஆ லெங் அக்காளிடம்
ஒன்பது வெள்ளி புளூபெர்ரி ஐந்துக்கு வரும்.
அலசி, கசங்கியதை ஒதுக்கி, அவனுக்கு மூன்று.
கேமரன் மலை ஸ்ட்ராபெர்ரி என்றால்
காம்பு கிள்ளி, நான்காய் நறுக்கி, இரண்டு துண்டு.
திராட்சை வாசலுக்கு உள்ளேயே வராது,
பச்சையோ கறுப்போ, விதை உண்டோ இல்லையோ.
செர்ரியின் கொட்டையில் நஞ்சு.
ஜாம் கிடையாது;
சர்க்கரை சேர்க்காதது என்று எழுதிய ஜாம்
அதைவிடக் கிடையாது.
ஆற்றோரச் செண்டுடுக் பழம் தரலாமா என்றேன்.
தெரியவில்லை என்றார் டாக்டர்.
தெரியாதது எல்லாம்
என் நோட்டில் காய்.

பூனையின் பெயர் கித்தா.
ஒட்டினால் விடாது.
பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாதாம்.
கேட்ட அன்று எனக்குத்தான் மனசு கேட்கவில்லை,
அதற்கும் ஒரு புளூபெர்ரி வைத்தேன்.
முகர்ந்தது, காலால் தட்டியது,
உருட்டிக்கொண்டே போய்
ஐஸ்பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு
என்னைப் பார்த்தது: அடுத்தது?
அப்படி வாரத்துக்கு ஒன்று.
விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

நேற்று இரவு மழை, கரண்ட் இல்லை.
இருட்டில் லோரி எதையோ மெல்லும் சத்தம்.
டார்ச் அடித்தேன்.
பல்லுக்கிடையில்
கறுப்பாய், சுருங்கி, சின்னதாய்.

தாடையைப் பிளந்து விரலை விட்டு
எடுத்து, பிய்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்தும் பார்த்தேன்.
காய்ந்து போன புளூபெர்ரி.
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
அவன் என் விரலை நக்கினான்,
திருப்பித் தா என்பது போல.

பிறகு படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் ஒட்டி,
துடைப்பக் குச்சியால் அடியில் துழாவினேன்.
பேனா மூடி ஒன்று.
இருபது காசு ஒன்று.
சுருங்கிய கறுப்பு ஏழு.

வரிசையாய் வைத்து, டார்ச் வெளிச்சத்தில்
ஒவ்வொன்றாய்ப் புரட்டினேன், ஆலையில் செய்வது போல.
ஆறு புளூபெர்ரி.

ஏழாவதை இரண்டு முறை பார்த்தேன்.
தை மாதத்திலிருந்து
அங்கேயே இருந்திருக்கிறது.