குறிப்புப் பத்தி

மொன்டெவிடியோவில், லா கொமெர்சியால் பகுதியில்
பத்தொன்பது ஆண்டு தண்ணீர் மீட்டர் பார்த்தேன்.
குனிந்தே பார்த்த ஊர்.
முகங்களைவிட வாசற்படிகளை
எனக்கு நன்றாகத் தெரியும்.

பேரேட்டில் ஐந்து பத்திகள்.
கதவெண், மீட்டர் எண், போன மாதம், இந்த மாதம்.
கடைசியில் விரற்கடை அகலத்தில் ஒன்று: குறிப்பு.
வருடம் பிறந்தால் பேரேடு மாறும்.
அந்தப் பத்தியை மட்டும்
பழையதிலிருந்து புதியதற்கு
யாரும் கேட்காமலே எடுத்தெழுதுவேன்.

1438. மூடி கனம். கதவைத் தட்டினால்
மில்டன் வந்து தூக்கித் தருவார்.
1440. நாய். காது கேளாது.
எதிரில் போய் நின்று காட்டிக்கொள்ள வேண்டும்.
1442. மணி அடிக்காதே.
இரவுக் காவல் வேலை, பகலில் தூக்கம்.
அதற்குக் கீழே, வேறு மையில்:
மணி அடிக்கலாம்.

1446-க்கு எதுவும் இல்லை.
பத்தொன்பது ஆண்டும் அந்தக் கட்டம் காலி.
வம்பில்லாத வீடு.
யார் இருந்தார்கள் அங்கே என்று
இப்போது யோசிக்கிறேன்,
ஒரு முகமும் வரமாட்டேன் என்கிறது.

1450, ஒன்டினா பெர்கெட்டி.
ஜனவரியில் அளவு பாதி, கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.
இரண்டாயிரத்து இரண்டில்
ஜூலையிலும் பாதி.
பிள்ளைகள் ஸ்பெயினுக்கு, என்று எழுதியிருக்கிறேன்.
வங்கிகள் மூடிய அந்த வருடத்தை
மற்றவர்கள் நாளிதழில் படித்தார்கள்.
நான் கனமீட்டரில் படித்தேன்.

1452-க்கும் 1454-க்கும் நடுவே நடைபாதையில்
ஆடும் கல் ஒன்று.
மழைக்குப் பிறகு மிதித்தால்
முழங்கால்வரை பீச்சியடிக்கும்.
அதைத் தாண்டாமல் மிதிப்பவன்
இந்தத் தெருக்காரன் இல்லை
என்று அடித்துச் சொல்லலாம்.

இப்போது பதினேழு வீட்டையும்
ஒரே ஆள் வாங்கிவிட்டான்.
பதினோரு மாடி வருகிறது.
தகரவேலியில் ஒட்டிய படத்தில்
இன்னும் கட்டாத பால்கனியிலிருந்து
இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.
மொத்தக் கட்டடத்துக்கும் ஒரு மீட்டர்,
தானே கணக்கு அனுப்பிவிடும்.
அலுவலகத்தில் நவெல் என்கிற பையன்
பேரேட்டைக் கணினியில் ஏற்றும்போது
தன்மையாகத்தான் சொன்னான்:
நாலு பத்திதான் எடுக்கும்.
அஞ்சாவதுக்கு இடமில்லை.

சந்தையில் ஒன்டினாவைப் பார்த்தேன்,
பூசணிக்கீற்றை முகர்ந்துகொண்டிருந்தாள்.
ஏதோ துக்கம் கேட்கிறவள் மாதிரி
நான் வாயெடுத்தேன்.
அவள் சிரித்துவிட்டாள்.
சுவர் வியர்த்து வியர்த்து
என் மூச்சே பூஞ்சை பிடிச்சது அங்கே.
இப்ப லிஃப்ட் இருக்கு. போதும், விடு.
மில்டன் வந்த பணத்தில் பல் கட்டிக்கொண்டாராம்.
முழுவரிசை.

அவர்கள் இழக்காததை
நான் எந்தக் கணக்கில் இழந்தேன்?
தெரியவில்லை.

நேற்று கடைசி அளவு எடுக்கப் போனேன்.
இராத்திரி மழை பெய்திருந்தது.
பதினாறு மூடிகளைத் தூக்கினேன்,
1438-க்கு நெம்பவேண்டி வந்தது.
பதினாறிலும் முள் செத்துக் கிடந்தது.
1446-இல் மட்டும்
அந்தச் சின்னச் சிவப்பு முள்
நடுங்கிக்கொண்டே நகர்ந்தது.
சன்னல் பெயர்த்த, கதவு பெயர்த்த,
யாருமில்லாத வீட்டுக்குள் எங்கோ
நூல்போல ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது
நான் ஒரு வரியும் எழுதாதவர்களின் குழாய்.

பேரேடு என் கையில் இல்லை.
படிவத்தின் பின்பக்கம் எழுதினேன்:
1446. சரியாக மூடவில்லை.
பிறகு வால்வைத் திருகினேன். அது என் வேலை.
முள் நிற்பதற்குக்
கொஞ்ச நேரம் பிடித்தது.

திரும்பும்போது
அந்தக் கல்லை மிதித்தேன்.
தெரிந்தேதான்.
காலுறை இன்னும் காயவில்லை.