இரண்டு விரல்

சம்பள நாள் பின்னேரம்.
கரடிப்போக்குச் சந்தியில் நிரோஜனின் கடை.
கூரையிலிருந்து கயிற்றில்
கறுப்பும் சிவப்புமாய்த் தொங்குகின்றன தலைகள்.
இங்கே அப்படிச் சொல்லக்கூடாது. திருத்துகிறேன்:
ஹெல்மெற்றுகள்.

"இது ஆயிரத்து எண்ணூறு அக்கா.
பொலிஸுக்குக் காணும்."

பொலிஸில் நான் மோதப்போவதில்லை, தம்பி.
றோட்டில்தான்.

எனக்கு வேலை முகமாலையில்.
எட்டு வருடமாய் முழங்காலில் நின்று
மண்ணைச் சுரண்டுகிறேன்.
கழுத்துவரை ஏறும் கவச அங்கி,
முகத்துக்கு முழு வைசர்.
வெயிலில் உள்ளே மூச்சு அவியும்,
தூக்கிவிட்டால் காத்து வரும்,
தூக்குவதில்லை.
ஒருமுறை தூக்கியதற்கு
மூன்று நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தேன்.

வேலை முடிய
அதெல்லாவற்றையும் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு
அண்ணனின் பழைய ஹெல்மெற்றை
(வார் அறுந்து, சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டது)
தலையில் கவிழ்த்து
ஏ-ஒன்பது றோட்டில் அறுபதில் வருவேன்,
காலில் செருப்போடு.
இந்தக் கணக்கில் பிழை இருப்பது
சுகிர்தமலர் விழும்வரை எனக்குத் தெரியவில்லை.

பதினொரு வருடம் அவள்.
நானூற்றுச் சொச்சம் மிதிவெடி கிளப்பினாள்,
ஒரு நகக்கீறல் இல்லை.
பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி
ஒரு கட்டை போகவில்லை,
யாரோ றோட்டில் காயப்போட்டதில்
முன்சில்லு வழுக்கிற்று.
நெல்.
வெறும் நெல்.
இப்போது தன் பெயரை
யோசித்துத்தான் சொல்கிறாள்.

ஆகவே, களத்தில் பார்ப்பதுபோல் பார்க்கிறேன்.
போட்டுத் தலையை ஆட்டினால்
தலையோடு சேர்ந்து ஆடவேண்டும்,
தனியாய் ஆடினால் அது எனக்குரியதில்லை.
கன்னம் கொஞ்சம் அமுங்கலாம்,
நெற்றி நோகக்கூடாது.
பின்விளிம்பைப் பிடித்து முன்னுக்கு உருட்டினேன்:
கழன்று கையில் வந்தது.
அடுத்தது.
அதுவும் வந்தது.
இன்னொன்றில் எஸ்.எல்.எஸ். முத்திரையை
நகத்தால் கிளப்பிப் பார்த்தேன், கிளம்பியது.
நிரோஜன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கறுப்புக் கண்ணாடி வடிவுதான்.
முறிகண்டிப் பக்கம் இரவில்
மாடும் கறுப்பு, யானையும் கறுப்பு,
லைட் இல்லாத லாண்ட்மாஸ்ரரும் கறுப்பு.
தெளிந்ததைத் தா.

கையுறை தோட்டக்காரர் வாங்குவதுதான் இருந்தது.
விழுகிறபோது முதலில் ஊன்றுவது கை.
எடுத்தேன்.
கடைசியில் ஒரு வெள்ளை ஹெல்மெற் கழலவில்லை.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு,
பேரம் பேசவும் மறந்துபோனேன்.

"பிள்ளைக்கும் ஒன்று. ஆறு வயசு."

"சின்ன சைஸ் வாறதில்லை அக்கா.
பிள்ளையள் போடாட்டிப் பொலிஸ் பிடிக்காது."

திரும்பவும் பொலிஸ்.

பெரியதுக்குள் துவாயை அடைந்து தரட்டோ என்றான்.
நல்ல மனசோடுதான் கேட்டான்.
தனக்குப் பெரிய அங்கியோடு ஒருத்தி வந்தால்
வேலிக்கு வெளியே நிறுத்துவோம் நாங்கள்.
கொழும்பிலிருந்து எடுப்பிக்க மூன்று கிழமை.
முற்பணம் கட்டினேன்.

இந்த ஞாயிறு அறநெறி வகுப்புக்குக்
கபிஷா பக்கத்துவீட்டுப் பவானியோடு பஸ்ஸில் போனாள்,
முகத்தை மூன்று முழத்துக்கு நீட்டிக்கொண்டு.
நான் பின்னால்.
சுகிர்தமலர் வீட்டுக்கும் அதே வழி.
பஸ்ஸின் பின்கண்ணாடியில் மூக்கை அழுத்தி
ஏதோ சொன்னாள்.
கேட்கவில்லை. ஏச்சாகத்தான் இருக்கும்.

சுகிர்தமலர் வாசலில் கதிரையில் இருந்தாள்.
என்னை ஆரென்று தேடினாள்.
கிட்டப் போய்க் குனிந்தேன்.

கை தானாய் எழும்பி வந்தது.
வாருக்கும் என் நாடிக்கும் இடையில்
இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள்,
காலையில் களத்துக்கு இறங்கமுன்
ஒருவரையொருவர் பார்ப்போமே, அதேபோல.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றாள்.
யோசிக்கவில்லை.