டன்னுக்கு எவ்வளவு

கரட்டின் முதுகில் வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது.
ஊருக்கு அது வெங்கச்சங்கல்.
என் நோட்டில் குவார்ட்ஸ்,
வடகிழக்கு ஓட்டம், எழுபது பாகைச் சாய்வு,
அகலம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு.

இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடக்கும் பாறை
ஒரு காலத்தில் குழம்பாக வழிந்தது.
பிறகு வெந்நீர் புகுந்து
அதன் கருப்பை எடுத்துக்கொண்டு
பாசிப் பச்சையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.
நகத்தால் கீறினால் மாவாக வரும்.
போகிற வழியில் பிளவில் படிந்ததுதான் இந்த வெள்ளை.
அந்த நீரின் மடியில் தங்கம் இருந்ததா
என்று கேட்கத்தான்
கொட்டாம்பட்டி விலக்கில் அறை எடுத்து
நான்கு மாதமாகக் கிடக்கிறேன்.

"இந்த மலையையும் அறுக்கப் போறீகளா?"
நூறுநாள் வேலைக்கு வந்த ராமுத்தாய்
கிரானைட் தின்றுபோட்ட குழியில் தேங்கிய தண்ணீரைத்
தாடையால் காட்டினாள்.
சுத்தியலைப் பைக்குள் வைத்தேன்.
"இல்லக்கா, சும்மா பாக்கத்தான்."
"அவுகளும் மொதல்ல பாக்கத்தான் வந்தாக."

அறுபத்திரண்டாம் மீட்டரில்
இயந்திரத்தை நிறுத்தினார் இஸ்மத்கனி.
பாறைத் தண்டின் ஈரத்தைத் துடைத்தார்.
வெள்ளைக்குள் ஒரு மினுக்கு.
எல்லோரும் குனிந்தோம்,
டீ கொண்டுவந்த பையனும்.
லென்ஸில் சதுரம் சதுரமாக நின்றது:
பைரைட். இரும்பும் கந்தகமும்.
"கட்டம் போட்ட சட்டையில வந்தா
அது தங்கம் இல்லம்மா" என்று
மறுபடி மோட்டாரைப் போட்டார்.

ஆய்வகத் தாள் நேற்று வந்தது.
டன்னுக்கு 0.07 கிராம்.
0.04.
அப்புறம்
அளவிடும் வரம்புக்குக் கீழே.
வரம்புக்குக் கீழே.
வரம்புக்குக் கீழே.

பூட்ஸின் அடி பிளந்துவிட்டது, மதுரைக்குப் போனேன்.
தெற்காவணி மூல வீதியில் கடை திறக்காத நேரம்.
ஒருத்தி பட்டறை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.
பெருக்குமாறு இல்லை, தேய்ந்த பெயின்ட் பிரஷ்.
கல்லிடுக்கு, சாக்கடை விளிம்பு, படிக்கட்டின் மூலை.
அள்ளியதைச் சட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டு
மணிக்கட்டால் ஒரு சுற்று, ஒரு சாய்ப்பு.
நான் ஓடையில் செய்வது இதேதான்,
இவ்வளவு நன்றாக இல்லை.
சட்டியின் அடியில் மயிரிழை மஞ்சள்.

"ஒரு மூட்டை மண்ணுக்கு எவ்வளவு கிடைக்கும்?"
கேட்டிருக்கக் கூடாது.
சட்டியை முந்தானையால் மறைத்துக்கொண்டு
நிமிர்ந்தாள்.
"ஏன், நீ எந்தத் தெரு கூட்டுற?"

"கொட்டாம்பட்டி."

"அங்கிட்டு ஏது பட்டறை" என்றபடி
அடுத்த படிக்கு நகர்ந்தாள்.